கிரேன் மட்டும் போதாது: பட்டர்வொர்த்திலிருந்து ஒரு பதில்

"துறைமுகத்தில் கிரேன்களைக் கூட்டினால் சரக்கு தடைபடாமல் வந்துவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரிக் கட்டுரைக்காக இருக்கும். நான் மலேசியாவில், பினாங்குத் துறைமுகம் இருக்கும் பட்டர்வொர்த்தில் ஃபார்வர்டிங் வேலை பார்ப்பவன், அதாவது சரக்குக்குக் கஸ்டம்ஸ் அனுமதி வாங்கி அனுப்பிவைப்பவன். பொருளாதாரம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், தினமும் கஸ்டம்ஸ் படிவங்களோடு மல்லுக்கட்டுகிறவன் பார்வை இது.

2023 கடைசியில் ஏமனின் ஹூதிப் படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் பெரிய கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிவர ஆரம்பித்தன. தாமதத்தைக்கூடப் பொறுக்கலாம். தனித்தனியாக வரவேண்டியவை கும்பலாக வந்து நின்றதுதான் தொல்லை. 2024 நடுவில் சிங்கப்பூர் துறைமுகம் திணறியது, அங்கே போகவேண்டிய கண்டெய்னர் பெட்டிகள் கோலாலம்பூர் பக்கத்துக் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்தன, கிள்ளானும் திணறியது.

அந்த நேரம் பார்த்து பினாங்கு லிட்டில் இந்தியா துணிக்கடை அண்ணன் ஒருவரின் கண்டெய்னர் கிள்ளானில் மாட்டிக்கொண்டது. தூத்துக்குடிச் சரக்கு, எல்லாம் கல்யாணச் சேலை, வேட்டி. அதைப் பினாங்குக்கு ஏற்றிவரும் சின்னக் கப்பல் இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டே போனது. அவரோ விடிந்தால் போன்: "தம்பி, ஆனி முடிஞ்சு ஆடி வந்துட்டா எவன் கல்யாணச் சேலை வாங்குவான்?"

சரி, லாரியில் கொண்டுவரலாம் என்று கப்பல் கம்பெனியிடம் அனுமதி வாங்கி, கஸ்டம்ஸ் படிவங்களை மாற்றினோம். பெட்டியோ அடுக்கின் அடியில். மேலே இருப்பவற்றை ஒவ்வொன்றாக நகர்த்தி வைக்க யார்டில், அதாவது பெட்டிகளை அடுக்கிவைக்கும் திடலில், இடமே இல்லை. யார்டு 80 சதவீதம் நிரம்பினாலே வேலை மந்தமாகிவிடும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் காலி இடத்தைப் பார்த்தால் முதலாளிகளுக்கு வீண்செலவாகத் தெரிகிறது. என்னைக் கேட்டால் நெருக்கடியில் காப்பாற்றுவது அந்தக் காலி இடம்தான். ஒருவழியாகப் பெட்டி வந்தது, லாரி வாடகை அண்ணனின் லாபத்தில் பாதியைத் தின்றுவிட்டது.

கிள்ளானைக் குறை சொல்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். சிங்கப்பூரின் சுமையை வாங்கிக்கொண்டதே அதுதான்.

மாற்று வழியும் வேண்டும். தென் தாய்லாந்துச் சரக்கு எல்லையிலுள்ள பாடாங் பெசார் வழியாக ரயிலிலேயே எங்கள் துறைமுகத்துக்கு வருகிறது. லாரியை மட்டும் நம்பினால்? 2021 டிசம்பரில் ஷா ஆலாமும் கிள்ளானும் வெள்ளத்தில் மூழ்கியபோது எத்தனை கிரேன் இருந்து என்ன, லாரி போக ரோடு இல்லையே.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லிவிடுகிறேன். துறைமுகக் கேட்டுக்கு வெளியே மணிக்கணக்கில் நிற்கும் லாரி டிரைவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் ஆட்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் டிரிப்புக்கு இவ்வளவு என்றுதான் சம்பளம், நிற்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. கழிப்பறைக்குப் போகலாம் என்று இறங்கினால் வரிசை போய்விடும். அண்ணன் பெட்டியை ஏற்றிவந்தவருக்குக் காத்திருந்த காசைக் கொடுங்கள் என்று லாரி கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். இன்னும் பதில் இல்லை.