டீசலை இறக்கி மோட்டார் ஏற்றுமுன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னுடையது 34 அடி பாய்மரப் படகு, 6 டன். டீசல் இன்ஜினை எடுத்துவிட்டு 10 கிலோவாட் மோட்டாரும் 51.2 வோல்ட், 280 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியும் வைத்தால், ஒரு சார்ஜில் 30 கடல் மைல் போகும் என்கிறார் விற்பவர். நம்பலாமா? — லங்காவி

பதில்: எந்த வேகத்தில் என்று கேட்டீர்களா? வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கிப் பார்த்தால் 14.3 கிலோவாட்-மணி. அதில் 80 சதவீதம்தான் எடுக்கலாம், மிஞ்சுவது 11.5. அமைதியான நீரில் 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) போக இப்படகுக்குச் சுமார் 2 கிலோவாட் வேண்டும். 23 மைல் வரும். 6 நாட்டுக்கு விரட்டினால் 8 கிலோவாட் இழுக்கும். 9 மைல்கூட வராது. எதிர்க்காற்று அடித்தால் இதுவும் குறையும்.

அடுத்து அந்த ‘10 கிலோவாட்’. இந்தத் துறையில் எனக்கு ஆறாத கோபம் இதில்தான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது பல சமயம் உச்சத் திறன். சில நிமிடங்களுக்குமேல் தாங்காது. காற்றில் குளிரும் மோட்டாரை மூடிய இன்ஜின் அறைக்குள் வைத்தால் சூடேறி, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் தானாகவே திறனைக் குறைத்துவிடும். அது நடப்பது முழு வேகம் தேவைப்படும் நேரத்தில், துறைமுக வாயிலில், எதிரலையில். இடைவிடாமல் ஓடக்கூடிய தொடர் திறன் எவ்வளவு, எத்தனை டிகிரி வெப்பத்தில் என்று எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பாயில் ஓடும்போது புரொப்பெல்லர் சுழன்று பேட்டரியை நிரப்பிவிடுமாமே?

பதில்: 6 நாட்டில் 100, 200 வாட் வரும். ஃபிரிட்ஜ் ஓடும், படகு ஓடாது.

கேள்வி: மாற்றி நாலே மாதம். மோட்டாரில் கரகரவென்று சத்தம். வேலை செய்தவர் நான் வேகமாக ஓட்டியதால்தான் என்கிறார். — சிட்னி

பதில்: பழியை ஏற்காதீர்கள். படகைத் தள்ளும் விசை முன்பு கியர்பாக்ஸ் பேரிங்கில் இறங்கியது. கியர்பாக்ஸை எடுத்துவிட்டு ஷாஃப்டை நேரே மோட்டாரில் பூட்டினால், அத்தனையும் மோட்டார் பேரிங்கில் விழும். அந்தத் தள்ளுவிசையைத் தாங்கத் தனியாக த்ரஸ்ட் பேரிங் வைத்தாரா என்று பில்லைப் பாருங்கள். இல்லையென்றால் குறை அவருடையது. உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்துதர வேண்டும் என்பது ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம். எழுத்தில் கேளுங்கள், மசியாவிட்டால் மாநில நுகர்வோர் அமைப்பான நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங்கிடம் போங்கள். கழற்றிய பேரிங்கை மட்டும் அவரிடம் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: 70 சதுர மில்லிமீட்டர் கேபிள் பாதி விலைக்குக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். ஃப்யூஸ் அவசியமா?

பதில்: 48 வோல்ட்டில் 10 கிலோவாட் என்றால் 200 ஆம்பியருக்கு மேல். அவசியமா என்று கேட்கலாமா? பேட்டரி நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் கிளாஸ் டி (Class T) ஃப்யூஸ் வைத்தே ஆகவேண்டும். கேபிள் இழை ஒன்றைக் கத்தியால் சீவுங்கள். படகுக் கேபிள் மேலே வெள்ளீயம் பூசி வெள்ளையாக, உள்ளே செம்பாக இருக்கும். மேலே செம்பு, உள்ளே வெள்ளை என்றால் அது அலுமினியம். நானும் அப்படி 12 மீட்டர் வாங்கித் தூக்கி எறிந்திருக்கிறேன். இன்றே திருப்பி அனுப்புங்கள்.