பார்த்ததைப் பார்த்தபடி

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். யானைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகச் சென்று வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததால் இக்கடிதத்தை எழுதத் துணிந்தேன். என் மகள் விலங்கியலில் முதுகலை முடித்தவள். தேர்வு எழுதி, 4 மணி நேரத்தில் 16 கிலோமீட்டர் நடந்து காட்டி, வனக்காப்பாளர் பணிக்குத் தேர்வாகியிருக்கிறாள். அவளுக்கு மகிழ்ச்சி. எங்கள் வீட்டில்தான் நிம்மதி இல்லை. “எம்.எஸ்சி. படிக்கவைத்து, காட்டுக்குக் காவல் இருக்கவா அனுப்புகிறாய்?” என்று உறவினர்கள் கேட்கும்போது பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறேன். கேமராவும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்ட காலத்தில் காட்டுக்குள் நடந்து திரியும் வேலை இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்று என் மைத்துனர் கேட்கிறார். அவள் படித்த படிப்புக்கு அங்கே உண்மையில் வேலை இருக்கிறதா? பெண் பிள்ளையை அனுப்பலாமா? மறைக்காமல் எழுதுங்கள். கடைசியாக ஒன்று: பணியில் சேரும்போது அவளுக்கு நான் என்ன வாங்கிக் கொடுக்க வேண்டும்?

இப்படிக்கு,
ஒரு தந்தை

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. படிப்பைப் பற்றிய கேள்வியே மற்றவற்றுக்கும் வேர் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 306 புலிகள் இருப்பதாகச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். 2006இல் அந்த எண் 76ஆக இருந்தது. இந்த எண்கள் தேசியப் புலிகள் காப்பக ஆணையமும் டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனமும் வெளியிடும் அறிக்கையில் வருகின்றன. அறிவியலாளர்கள் கணினியில் போட்டுத் தருபவை என்றே பலரும் நினைக்கிறோம். கணக்கு கணினியில்தான் நடக்கிறது. ஆனால் அந்தக் கணக்குக்குள் போகும் அடிப்படைத் தகவல்கள், வனக்காப்பாளரின் காவல் எல்லையான ஏதோ ஒரு பீட்டில், ஏதோ ஒரு வனக்காப்பாளர் விடியற்காலையில் குனிந்து பார்த்து, அளந்து, குறித்துக்கொண்டவை. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் அந்தக் கணக்கெடுப்பின் முதற்கட்டத்தில், தன் பீட்டுக்குள் புலி, சிறுத்தை, செந்நாய், கரடி ஆகியவற்றின் தடயங்களைத் தேடி நாளுக்கு 5 கிலோமீட்டராக மூன்று நாள் நடப்பார்கள். பிறகு 2 கிலோமீட்டர் நேர்கோட்டுப் பாதையில் மூன்று காலைகள் நடந்து, கண்ணில் படும் மான், காட்டெருமை, பன்றிக் கூட்டங்களைப் பதிவார்கள். கூட்டத்தில் எத்தனை உருப்படி என்பதோடு, பார்த்த இடத்திலிருந்து அது எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் நின்றது என்பதையும் எழுதியாக வேண்டும். தூரத்தைக் குத்துமதிப்பாக எழுதினால், அந்தக் காட்டின் மான் அடர்த்தி முழுவதுமே பிழையாகிவிடும்.

நான் ஒரு மே மாதத்தில் யானைக் கணக்கெடுப்புக்குப் போனபோது இதைக் கண்கூடாகப் பார்த்தேன். யானையை நேரில் எண்ணுவது ஒரு முறை. பிண்டத்தை, அதாவது யானையின் சாணத்தை, எண்ணுவது இன்னொரு முறை. கோட்டின் மீது நடந்து, பக்கவாட்டில் தெரியும் ஒவ்வொரு பிண்டக் குவியலுக்கும் கோட்டிலிருந்து செங்குத்தாக உள்ள தூரத்தை நாடா பிடித்து அளக்க வேண்டும். உருண்டைகள் உடையாமல் இருக்கின்றனவா, பாதி கரைந்திருக்கின்றனவா, வெறும் நாராகக் கிடக்கின்றனவா என்று நிலை பிரித்து எழுத வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை குவியல், ஒரு யானை நாளுக்கு எத்தனை முறை பிண்டம் போடுகிறது, ஒரு குவியல் மட்கி மறைய எத்தனை நாளாகிறது என்ற மூன்றையும் சேர்த்தால்தான் யானையின் எண்ணிக்கைக்கு வழி கிடைக்கும். 2024இல் தமிழ்நாட்டில் 3,063 யானைகள் என்று சொன்ன எண்ணுக்குப் பின்னால் இப்படி நாடா பிடித்த கைகளும் இருந்தன. என்னோடு வந்த வனக்காப்பாளர் முட்புதருக்குள் கிடந்த ஒரு குவியலுக்காக முழங்கையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய் அளந்தார். மூன்று மீட்டர் என்று எழுதிக்கொண்டால் என்ன என்று நான் கேட்டேன். “இரண்டு மீட்டர் எழுபதாக இருந்தால் என்ன செய்வது?” என்று அவர் திருப்பிக் கேட்டார். அன்று எனக்கு அது பிடிவாதமாகப் பட்டது. பிறகுதான் அவர் சொன்னது புரிந்தது.

எனக்கு அதைப் புரியவைத்தது சரிஸ்காவின் வரலாறு. முன்பு புலிகளைப் பாதச்சுவட்டை வைத்தே எண்ணினார்கள். கண்ணாடித் தகட்டைச் சுவட்டின் மேல் வைத்து வரைந்தெடுத்து, ஒவ்வொரு சுவடும் எந்தப் புலியுடையது என்று பிரிப்பார்கள். ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் அப்படி எண்ணிய கணக்கில் புலிகள் இருந்துகொண்டே இருந்தன. ஆனால் 2005 தொடக்கத்தில் காட்டில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்பது தெரியவந்தது. வேட்டைக்காரர்கள் கொன்றதைத் தடுக்க முடியாமல் போனது ஒரு துயரம் என்றால், காகிதத்தில் அவை உயிரோடு இருந்ததால் நாடு அதை அறியாமலே இருந்தது அதைவிடப் பெரிய துயரம். அதன் பிறகே பாதச்சுவடு முறை கைவிடப்பட்டு, தானியங்கிக் கேமராவும் புள்ளியியலும் சேர்ந்த இன்றைய முறை வந்தது. முறை மாறியது, ஆனால் எதையும் பார்க்காத நாளில் “எதையும் காணவில்லை” என்று எழுதும் நேர்மையை எந்த முறையாலும் ஊட்ட முடியாது. அந்த நேர்மை கடைசி நிலைப் பணியாளரிடம் இருந்தால்தான் மேலே உள்ள அனைத்தும் நிற்கும். உங்கள் மகளின் வேலை பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவது, ஐயா. முதுகலை விலங்கியலில் இதைவிடக் கடினமான செய்முறைத் தேர்வு எதையும் அவள் எழுதியிருக்க மாட்டாள்.

இனி உங்கள் மைத்துனரின் கேள்வி. கேமரா வந்துவிட்டது உண்மை. 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடெங்கும் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. ஏறத்தாழ மூன்றரைக் கோடி படங்கள் கிடைத்தன. அவற்றில் புலி இருந்தவை 76,651. ஒவ்வொரு புலியின் வரியும் தனித்தனியானது, இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட வேறுபடும் என்பதால், பாதையின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு கேமராக்களைக் கட்ட வேண்டும். எந்தப் பாதையில் கட்டுவது? பத்து வழிகளில் புலி எந்த வழியாக வரும் என்பதைக் கேமரா சொல்லாது. அந்தக் காட்டில் நடந்த கால்தான் சொல்லும். மரத்தில் ஏறத்தாழ முழங்கால் உயரத்தில் கட்டி, முன்னால் உள்ள புல்லை அறுத்துவிட வேண்டும். இல்லையென்றால் காற்றில் அசையும் புல்லையே அது இரவெல்லாம் படமெடுத்துக்கொண்டிருக்கும்.

செயற்கை நுண்ணறிவுக்கும் நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. கோவை மதுக்கரைப் பகுதியில், வாளையாறு நோக்கிச் செல்லும் தண்டவாளங்களில் யானைகள் ரயிலில் அடிபட்டு இறப்பது பல காலமாகத் தொடர்ந்தது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே இரவில் மூன்று யானைகள் இறந்தன. 2024 பிப்ரவரியில் அங்கே 12 கோபுரங்களில் கேமராக்கள் பொருத்தி, யானை தண்டவாளத்தை நெருங்கினால் எச்சரிக்கும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. மிக நல்ல முயற்சி; அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் எச்சரிக்கை ஒலித்த பிறகு ரயிலை மெதுவாக ஓட்டச் சொல்வதோடு, அந்த இருட்டில் தண்டவாளத்துக்குச் சென்று, யானையை மிரளவிடாமல் காட்டுக்குள் திருப்புபவர்கள் மனிதர்கள்தான். எந்திரம் பார்க்கும் தூரத்தைக் கூட்டியிருக்கிறது. போய் நிற்க வேண்டிய இடங்களும் அதனால் கூடியிருக்கின்றன.

2021 செப்டம்பர், அக்டோபரில் நீலகிரியின் மசினகுடிப் பகுதியில் டி23 என்ற புலியைத் தேடிய 21 நாட்களை நினைத்துப் பாருங்கள். ட்ரோன், மோப்ப நாய், கும்கி யானை, ஏராளமான கேமரா எல்லாம் இருந்தன. அவற்றோடு, அந்த மலையில் பிறந்து வளர்ந்த பழங்குடித் தடம் அறிவோரும் நடந்தார்கள். மனிதர்களைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட அந்தப் புலி, உயர் நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி, உயிரோடு மயக்கமருந்து செலுத்திப் பிடிக்கப்பட்டு மைசூருக்குக் கொண்டு செல்லப்பட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மனதில் நெடுநாளாக இருப்பது. உங்கள் மகளுக்கு நிரந்தர வேலை, சீருடை, ஓய்வுகால ஏற்பாடு எல்லாம் இருக்கும். அவளோடு நடக்கப்போகும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் பலருக்கு அவை இல்லை. இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய சமூகங்களைச் சேர்ந்த அவர்களில் பலர், தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் நிரந்தரத்துக்குக் காத்திருப்பவர்கள். கேளையாடு என்ற சிறு மான் குரைத்தால் அது புலியைக் கண்டா, மனிதரைக் கண்டா என்று திசை பார்த்துச் சொல்வார்கள். பாதைச் சந்திப்பில் குவிந்து கிடக்கும் எச்சத்தைத் தொலைவிலேயே பார்த்துச் செந்நாய் என்பார்கள். துறையின் பதிவேட்டில் சேரும் அறிவில் பெரும்பங்கு அவர்களுடையது. பதிவேட்டில் இருக்கும் கையெழுத்து வேறொருவருடையது. இது நீதியன்று என்று நான் கருதுகிறேன். உங்கள் மகளால் அரசாணையை மாற்ற முடியாது; ஆனால் தன் நாட்குறிப்பில் “இதை முதலில் கண்டவர் இன்னார்” என்று பெயரோடு எழுத முடியும். படித்த பெண் ஒருத்தி அவர்களை அண்ணா என்று அழைத்து, பின்னால் நடந்து கற்றுக்கொள்ளத் தயாராக இருந்தால், எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காத பாடம் அவளுக்குக் கிடைக்கும்.

கணக்கெடுப்பு மட்டுமே வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கோடை தொடங்குமுன் தீத்தடுப்புக் கோடுகளைச் சுத்தம் செய்ய வேண்டும். உண்ணிச்செடியும் அந்நிய மஞ்சள்கொன்றையும் புல்வெளியை மூடுவதைக் குறிக்க வேண்டும். புல் மறைந்தால் மான் போகும், மான் போனால் புலி ஊர் மாட்டைத் தேடும். மோட்டார்சைக்கிள் கிளட்ச் கம்பியில் வைத்த சுருக்குகளைத் தேடி அகற்ற வேண்டும். காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடியைக் கடித்து வாய் சிதைந்த யானையைப் பார்க்க நேரலாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் கீழ் வழக்குப் பதிவதற்கு, நேரில் கண்டதையும் கைப்பற்றியதையும் பதியும் மகஜர் எழுத வேண்டும். அதில் ஒரு தேதி தவறினாலும் குற்றவாளி வெளியே வந்துவிடக்கூடும். பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் பழக்கம் இங்கேயும் துணை நிற்கும்.

ஒருவேளை அவளைக் கடலோரத்தில் பணியமர்த்தினால் வேலையின் முகமே வேறாகிவிடும். மீன்பிடியைக் கவனிக்க நம் மாநிலத்தில் மீன்வளத் துறை தனியாக இருந்தாலும், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்காவும், பாக் விரிகுடாவில் 2022இல் அறிவிக்கப்பட்ட கடற்பசுப் பாதுகாப்பகமும், சென்னைக் கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமையும் வனத்துறையின் பொறுப்பில்தான் உள்ளன. ஆமை முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்துக்கு மாற்றிவிட வேண்டும். தாமதித்தால், உள்ளே கரு ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொண்ட பிறகு முட்டையைப் புரட்டுவது அதைக் கொல்வதாகும். மணல் அதிகம் சூடானால் பிறப்பவை பெரும்பாலும் பெண்; குளிர்ந்திருந்தால் ஆண். எனவே மணலின் வெப்பத்தைப் பார்த்து நிழல்வலை கட்டுபவர், தம்மை அறியாமலே ஒரு தலைமுறையின் ஆண்பெண் விகிதத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறார். விலங்கியல் படித்தவளுக்கு இதன் கனம் உங்களையும் என்னையும்விட நன்றாகத் தெரியும்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா என்ற கேள்விக்கு, மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். ஆபத்து இருக்கிறது. யானையும் கரடியும் தாக்கி இறந்த பணியாளர்கள் உண்டு. இரவு ரோந்து உண்டு; பண்டிகை நாளில் விடுப்புக் கிடைக்காது; கைப்பேசிக்குச் சிக்னல் இல்லாத முகாமில் தங்க நேரும்போது உங்களால் அவளோடு பேசக்கூட முடியாது. பெண்களுக்கெனத் தனி அறையோ கழிப்பறையோ இல்லாத முகாம்களை நானே பார்த்திருக்கிறேன். அதைக் கேட்டு வாங்கும் உரிமை அவளுக்கு உண்டு, கேட்பதற்கு அவள் தயங்கக் கூடாது. ஆனால் இவை அனைத்தையும் அறிந்தும் 16 கிலோமீட்டரை 4 மணி நேரத்தில் நடந்து முடித்தவள் அவள். அனுப்பலாமா என்று நாம் கேட்கும் இடத்தை அவள் ஏற்கெனவே கடந்துவிட்டாள். உறவினர்கள் கேட்டால், “என் மகள் அரசாங்கத்துக்குக் காட்டின் கணக்கை எழுதுகிறாள்” என்று சொல்லுங்கள். மளிகைக் கடையில் பேரேடு எழுதும் உங்களுக்கு, ஒரு வரி தவறாக எழுதினால் என்னவாகும் என்பது தெரியாததல்ல.

கடைசிக் கேள்விக்கு என் பட்டியல் சிறியது. கனமான காலுறை போட்டாலும் விரல் நெருக்காதபடி, அரை அளவு பெரிதான நல்ல காலணி. மழைக்காலத்துக்கு அட்டைப்பூச்சி ஏறாத நெருக்கமான துணியில் முழங்கால் வரை வரும் உறை. ஊர்த் தையல்காரரே தைத்துத் தருவார். தலையில் மாட்டும் டார்ச், கை இரண்டும் வேலைக்கு வேண்டும் என்பதால். சட்டைப் பையில் அடங்கும் கெட்டி அட்டை நோட்டுகள் ஒரு டஜன். அவற்றோடு பேனா வேண்டாம், பென்சில் கொடுத்தனுப்புங்கள். மழையில் நனைந்த பக்கத்தில் மை கரைந்துவிடும், பென்சிலில் எழுதியது அப்படியே இருக்கும்.

அன்புடன்.