முதலைக்கு மட்டும் ஏன் நாலு அறை?

கேள்வி: என் பையன் பத்தாவது படிக்கிறான். மீனுக்கு இதயத்துல ரெண்டு அறை, தவளைக்கு மூணு, பாம்பு பல்லிக்கும் மூணு, பறவைக்கும் நமக்கும் நாலுன்னு புக்ல இருக்கு. முதலையும் ஊர்வனதானே, அதுக்கு மட்டும் ஏன் நாலு? அப்போ மூணு அறை இருந்தா அது சரியா வளராத இதயமான்னு கேக்குறான், என்ன சொல்றது?
- வாசகி, தேனி

பதில்: நல்லா கேட்டிருக்கான் உங்க பையன். 2, 3, 4ன்னு வரிசையா எழுதிப் போட்டதும் ஏதோ தேறித் தேறி கடைசியில நம்மகிட்ட வந்து முடியுதுன்னு பசங்க நெனச்சுக்கிறாங்க, அப்படி இல்லவே இல்ல.

மீனோட இதயத்துக்குள்ள ஆக்சிஜன் குறைஞ்ச ரத்தம் மட்டும்தான் வரும், அத செவுளுக்கு தள்ளிவிட்டா அங்க ஆக்சிஜன் ஏறி நேரா உடம்புக்கு போயிடும், அதனால ஒரு ஆரிக்கிள் (ரத்தம் வந்து சேர்ற அறை), ஒரு வெண்ட்ரிக்கிளே (ரத்தத்த வெளிய தள்ளுற அறை) போதும். நுரையீரல் வந்த பிறகுதான் அங்க போய்ட்டு வர தனி வழி தேவைப்பட்டுச்சு.

தவளைக்கு ஒரே வெண்ட்ரிக்கிள், ஆக்சிஜன் ஏறின ரத்தமும் குறைஞ்ச ரத்தமும் கலந்துடுமேன்னு பாவப்படுறோம், ஆனா தவளை தோல் வழியாவும் சுவாசிக்கும், தோல்ல ஆக்சிஜன் ஏறின ரத்தம் உடம்பு ரத்தத்தோட சேர்ந்து வலது ஆரிக்கிளுக்குத்தான் வருது, அப்போ நடுவுல முழுசா சுவர் வெச்சா அதுக்குத்தான் நஷ்டம். ஆமையும் அப்படித்தான், தண்ணிக்குள்ள மூச்ச அடக்கி இருக்கும்போது நுரையீரலுக்கு ரத்தம் அனுப்பி பிரயோஜனம் இல்லையே, பாதி சுவர் இருக்குறதால வேற பக்கம் திருப்பிவிட முடியுது.

இப்போ முதலை. இன்னைக்கு உயிரோட இருக்குற பிராணிகள்ல பறவைக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் பல்லியோ பாம்போ இல்ல, முதலைதான், நாலு அறை அந்த வம்சத்துல வந்தது. ஆனாலும் பழைய வசதிய அது விடல, வலது வெண்ட்ரிக்கிள்ல இருந்து ஒரு அயோர்ட்டா (உடம்புக்கு ரத்தம் கொண்டு போற பெரிய குழாய்) தனியா கெளம்புது, தண்ணிக்குள்ள முங்கினா நுரையீரலுக்கு போற வழிய ஒரு வால்வு நெருக்கிடும், ரத்தம் இந்த அயோர்ட்டா வழியா உடம்புக்கே திரும்பிடும்!

பாலூட்டிகளுக்கு நாலு அறை வந்தது தனிக் கதை, பறவைகிட்ட இருந்து வரல. நம்ம அயோர்ட்டா இடது பக்கம் வளையும், பறவைக்கு வலது பக்கம். அடுத்த தடவ கோழி வாங்கும்போது ஈரலோட வர்ற இதயத்த குறுக்க வெட்டி பையனுக்கு காட்டுங்க, இடது வெண்ட்ரிக்கிள் சுவர் நல்லா தடிமனா இருக்கும், வலது மெல்லிசா பிறை வடிவத்துல அத ஒட்டி வளைஞ்சிருக்கும், ஏன்னா இடது உடம்பு முழுக்க தள்ளணும், வலதுக்கு பக்கத்துல இருக்குற நுரையீரல் வரைக்கும்தான் வேல.

ஆனா ஆரம்பம் எல்லாருக்கும் ஒண்ணுதான். மீன் முட்டையோ கோழி முட்டையோ மனுஷக் கருவோ, முதல்ல ஒரு குழாய்தான் உருவாகும், அது வளைஞ்சு அப்புறம்தான் அறைங்க பிரியும். நம்ம கருவுல 4 வாரம்கூட ஆகுறதுக்குள்ள அந்தக் குழாய் துடிக்க ஆரம்பிச்சிடும். வயித்துல இருக்குற வரைக்கும் கொழந்தைக்கும் ரெண்டு ஆரிக்கிளுக்கு நடுவுல ஒரு திறப்பு இருக்கும், நுரையீரலுக்கு வேல இல்லாததால ரத்தம் அத தாண்டிப் போகணும், ஆமைக்கு தண்ணிக்குள்ள இருக்குற அதே தேவைதான். பெரியவங்கள்ல சுமார் நாலுல ஒருத்தருக்கு அந்தத் திறப்பு முழுசா ஒட்டாமலே இருக்கு, பெரும்பாலானவங்களுக்கு அதனால ஒரு தொந்தரவும் கெடையாது.

பரீட்சையில ஊர்வனவுக்கு முழுமையா பிரியாத வெண்ட்ரிக்கிள்னு எழுதட்டும், முதலை மட்டும் விதிவிலக்குன்னு சேர்த்துக்கட்டும், குறைபாடுன்னு மட்டும் எழுத வேணாம்னு சொல்லுங்க.