அழுதால் அவிசுவாசமா? ஓய்வுபெற்ற போதகரிடம் கேள்வி பதில்

கே: ஐயா, அப்பா போய் எட்டு மாசம். ஆராதனையில் பாட வாய் திறந்தாலே அழுகை முட்டுது. “கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்” என்று வாசிக்கும்போது குத்துது.

ப: அழும்மா. அந்த வசனம் பிலிப்பியர் 4:4. அப்போஸ்தலன் பவுல் காவலில் கட்டுண்டு கிடந்து எழுதின நிருபம், அதாவது கடிதம். கொஞ்சம் முன்னால் 3:18-ஐப் பார். “கண்ணீரோடும் சொல்லுகிறேன்” என்கிறார். அதே ஆள், அதே நிருபம். பாட்டு வராத நாளில் 13-ம் சங்கீதத்தை வாய்விட்டு வாசி. ஆறே வசனம். “எதுவரைக்கும்” என்று நாலு தடவை தாவீது கேட்கிறான். பாடுவேன் என்பது கடைசி வசனத்தில்தான்.

கே: எந்தச் சங்கீதம், எத்தனை நாள் படித்தால் துக்கம் தீரும்?

ப: வேதம் கஷாயம் இல்லை தம்பி.

கே: மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறேன். பாவமா?

ப: இல்லை. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீங்க. சுவிசேஷம் எழுதின லூக்காவே வைத்தியர்தான்.

கே: போதகரே சபைக்கு அழக் கற்றுக்கொடுக்கிறார்! 1 தெசலோனிக்கேயர் 4:13 துக்கப்படக் கூடாது என்கிறதே?

ப: மூப்பர் ஐயா, முழுசா வாசிங்க. “நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல” துக்கிக்க வேண்டாம் என்றுதான் இருக்கு. செத்துப்போன லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தேதானே இயேசு கண்ணீர் விட்டார்?

கே: அப்போ ஊருக்கு முன்னால் நம்ம விசுவாசத்தின் சாட்சி என்னாவது?

ப: ஒரு துக்கவீட்டில் பார்த்தேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் வந்தவரெல்லாம் “தேவ சித்தம்” என்று சொல்லிப் போனார்கள், நானும் சொன்னேன். ஒரு கிழவி மட்டும் வாயே திறக்கவில்லை. அந்தத் தாயின் தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டு, கடுங்காப்பியை ஆற்றிக் கையில் கொடுத்தாள். அதுவரை பச்சைத்தண்ணி தொடாதவள் குடித்தாள். வேதத்தில், பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதரும் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்தவரை நல்லாத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்தார்கள், கெட்டது. சாட்சி அந்தக் கிழவியுடையது, என்னுடையது இல்லை.

கே: 21 நாள் உபவாசம் இருந்தால் பாரம் இறங்குமா?

ப: கஷாயப் பதிலை மேலே பாருங்க. மாத்திரை போடுகிறவரானால் முதலில் டாக்டர். திரும்பவும் சொல்கிறேன், டாக்டர்.

கே: முதலில் கேட்டவள்தான் ஐயா. அப்பா இல்லாத முதல் கிறிஸ்மஸ். பலகாரம் செய்தால் ஊர் பேசுமே?

ப: அப்பாவுக்கு எது பிடிக்கும்? முந்திரிக்கொத்தா? அதையே செய். அம்மாவை உருண்டை பிடிக்க உட்காரவை, கைக்கு வேலை வேணும். பேசுகிற வீட்டுக்கு ஒரு தட்டு கூடுதலாக் கொடுத்தனுப்பு.