நான்கு சக்கர இயக்கம் இருந்தும் வண்டி ஏன் நகரவில்லை?

வாகனப் பராமரிப்பு குறித்து வந்த கடிதங்களுள் நான்கு சக்கர இயக்கத்தைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

செய்யூர் அருகே எங்களுக்குச் சவுக்குத் தோப்பு இருக்கிறது. கார்த்திகை மழைக்குப் பிறகு நான்கு சக்கர இயக்கமுள்ள எங்கள் பிக்கப் வண்டியில் அங்கே சென்றபோது, பெரிய வரப்பு ஒன்றைக் குறுக்காக ஏறுகையில் முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் மட்டும் சுழன்றன. மற்ற இரண்டும் அசையவே இல்லை. நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் தரும் 4 ஹெச் நிலையில்தான் போட்டிருந்தேன். கடைசியில் பக்கத்து வயலில் இருந்த டிராக்டர்தான் இழுத்துவிட்டது. வண்டியில் ஏதாவது பழுதா?
— வாசகர், மேடவாக்கம்

பழுது எதுவும் இல்லை. 4 ஹெச் என்பது எதை இணைக்கிறது, எதை இணைக்காமல் விடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அன்று நடந்தது விளங்கிவிடும்.

4 ஹெச்சுக்கு லீவரைப் போடும்போது, கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்டையும் பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டுகிறது. முன்னும் பின்னும்தான் இணைகின்றனவே தவிர, ஓர் ஆக்சிலின் இடது சக்கரமும் வலது சக்கரமும் இணைவதில்லை. அவற்றுக்கு நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதற்கு இடம் கொடுப்பதே அதன் வேலை. அது இல்லாவிட்டால் தார்ச்சாலையில் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் தேய்ந்து அலறும்.

ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. சுழலும் சக்கரத்துக்கே எல்லாச் சக்தியையும் டிஃபரன்ஷியல் அனுப்பிவிடுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள், அது சரியன்று. சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கத்துக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையையே கொடுக்கிறது, சிக்கலே அந்தச் சமத்துவத்தில்தான் இருக்கிறது. சேற்றில் இருக்கும் சக்கரத்தால் 100 நியூட்டன் மீட்டர் விசையை மட்டுமே தாங்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் கொடுத்தால் அது வழுக்கிச் சுழலும். அப்படியானால், கெட்டித்தரையில் நிற்கும் எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கும் அதே 100 தான் கிடைக்கும். மொத்தம் 200. வரப்பேற 600 தேவைப்பட்டால், என்ஜின் எவ்வளவு வலுவுள்ளதாக இருந்தாலும் வண்டி நகராது.

நீங்கள் வரப்பைக் குறுக்காக ஏறியபோது ஒரு மூலையும் அதற்கு நேரெதிர் மூலையும் தரையிலிருந்து ஏறத்தாழத் தூக்கிக்கொண்டன. ஒவ்வோர் ஆக்சிலிலும் ஒரு சக்கரம் பிடி இழந்தது. அதன் இணைச் சக்கரமும் அதனுடன் சேர்ந்து செயலற்றுப் போயிற்று. அதனால்தான் நான்கு சக்கர இயக்கம் இருந்தும் நான்கும் இழுக்கவில்லை.

உங்களை இழுத்துவிட்ட டிராக்டரில் இதற்கான விடை இருந்தது. ஓட்டுநரின் காலருகே ‘டிஃபரன்ஷியல் லாக்’ என்ற பெடல் இருக்கும். சேற்றில் ஒரு சக்கரம் சுழலத் தொடங்கினால் அதை மிதிப்பார்கள், திரும்புவதற்கு முன் விட்டுவிடுவார்கள். அது இரு பக்க ஷாஃப்டுகளையும் ஒரே தண்டுபோல் ஆக்கிவிடுகிறது. அதன்பின் விசையைச் சமமாகப் பங்கிடும் கட்டாயம் இல்லை. பிடியுள்ள சக்கரம், தரை தாங்கும் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் பின் ஆக்சிலுக்கு ஒரு பொத்தானாக இருப்பதும் இதே பூட்டுதான். சேற்றிலும் வரப்பிலும் மெதுவாக நேராகச் செல்லும்போது மட்டுமே அதைப் போட வேண்டும், தார்ச்சாலையில் ஒருபோதும் கூடாது.

எனக்கு வண்டி விற்றவர், டிஃபரன்ஷியல் பூட்டு இல்லை என்றாலும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருப்பதால் கவலை வேண்டாம் என்கிறார். என் அண்ணனோ, லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருந்தால்தான் வாங்க வேண்டும் என்கிறார். எது சரி?
— வாசகர், அண்ணா நகர்

இரண்டுமே நான் மேலே சொன்ன சமத்துவத்தை உடைக்கும் வழிகள்தாம். ஆனால் உடைக்கும் விதம் வேறு.

லிமிடெட் ஸ்லிப் வகைகளில் பழையது, டிஃபரன்ஷியலுக்குள்ளேயே கிளட்ச் பிளேட்டுகளை அடுக்கி வைப்பது. என்ஜின் விசை ஏற ஏற அந்தப் பிளேட்டுகள் இறுகி, ஒரு சக்கரம் தனியாக ஓடிவிடாமல் பிடித்து நிறுத்தும். டார்சன் என்ற வகையில் பிளேட்டுகள் இல்லை. பல்சக்கரங்களின் உராய்வே அந்த வேலையைச் செய்கிறது. இரண்டிலும் முக்கியமானது விசை விகிதம். விகிதம் மூன்று என்றால், வழுக்கும் சக்கரம் 100 தாங்கும்போது மறுபக்கத்துக்கு 300 வரை போகும். சேற்றுக்கும் ஈரப் புல்லுக்கும் இது பெரிய உதவி. ஆனால் சக்கரம் முழுவதுமாகக் காற்றில் தூக்கிக்கொண்டால் அது தாங்குவது பூஜ்யம். பூஜ்யத்தின் மூன்று மடங்கும் பூஜ்யம்தான். கிளட்ச் வகையில் பிளேட்டுகளை எப்போதும் சிறிது அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங்குகள் இதற்கு ஓரளவு ஈடு செய்கின்றன. பின் ஆக்சிலில் இந்த அமைப்பு உள்ள வண்டிகளில் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் கைப்பிரேக்கை மெல்ல இழுத்துக்கொண்டு ஆக்சிலரேட்டர் கொடுப்பதன் காரணமும் இதுவே. சும்மா சுழலும் சக்கரத்துக்கு ஒரு சுமையைக் கொடுத்தால், மறுபக்கத்துக்கும் விசை போகத் தொடங்கும்.

மஹிந்திரா தார் வண்டியின் சில வகைகளில் வரும் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் ஒரு படி மேலே போகிறது. இரு சக்கரங்களின் வேகம் மிகவும் வேறுபட்டால், உள்ளே இருக்கும் சிறு எடைகள் விரிந்து ஒரு கொக்கியில் மாட்டி, தானாகவே பூட்டிக்கொள்ளும். பூட்டும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

இனி டிராக்‌ஷன் கன்ட்ரோல். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் கார்களுக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் சுழலாமல் நின்று வழுக்குவதைத் தடுக்கும் அமைப்பு) கட்டாயம் என்பதால், ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் அளக்கும் சென்சார்களும், பிரேக் அழுத்தத்தைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பின் அடிப்படையும் வண்டியில் முன்பே இருக்கின்றன. ஒரு சக்கரம் மட்டும் வேகமாகச் சுழல்வதைக் கண்டதும் கணினி அந்தச் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் பிடிக்கிறது. சேறு 100 தாங்குகிறது, பிரேக் 200 தாங்குகிறது என்றால், அந்தப் பக்கம் 300 தாங்குவதாக டிஃபரன்ஷியலுக்குத் தோன்றும். எனவே மறுபக்கத்துக்கும் 300 கொடுக்கும். எந்தச் சமத்துவம் வண்டியை நிறுத்தியதோ அதைக்கொண்டே வண்டியை நகர்த்தும் இந்த யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன். மாருதி ஜிம்னியில் இரண்டு ஆக்சில்களிலும் இதே முறைதான் பயன்படுகிறது. காற்றில் தூக்கிய சக்கரத்துக்கும் இது வேலை செய்யும் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் லிமிடெட் ஸ்லிப்பைவிட இதுவே மேல்.

குறைகளும் உண்டு. சக்கரம் சுழன்ற பிறகுதான் இது விழித்துக்கொள்ளும். என்ஜினின் உழைப்பில் ஒரு பங்கு பிரேக்கில் சூடாக வீணாகிறது. நெடுநேரம் தொடர்ந்தால், பிரேக் கெடாதிருக்கச் சில வண்டிகளில் அமைப்பு தற்காலிகமாகத் தன்னை நிறுத்திக்கொள்ளும். பலர் செய்யும் தவறு, பிரேக் ‘கடகட’வென்று துடிக்கும் ஒலியைக் கேட்டவுடன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவது. காலை ஆட்டாமல் இரண்டு மூன்று நொடி அப்படியே வைத்திருந்தால்தான் விசை மறுபக்கம் போய்ச் சேரும்.

டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கு இன்னொரு கை இருக்கிறது: என்ஜின் விசையைக் குறைப்பது. மழைநீர் தேங்கிய சாலையில் அது உயிர் காக்கும். மணலிலோ, வேகத்தை இழந்த வண்டி புதைந்துவிடும் என்பதால், அதுவே தடை. ஆகவேதான் அதை அணைக்கப் பொத்தான் வைத்திருக்கிறார்கள்; 4 எல் (மெதுவான வேகத்தில் அதிக விசை தரும் நான்கு சக்கர நிலை) போட்டால் என்ஜின் குறைப்பு மட்டும் தானாக விலகி, பிரேக் உதவி தொடரும் வண்டிகளும் உண்டு. மணல் என்றதும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கடற்கரைகள் நினைவுக்கு வரலாம். தயவுசெய்து அங்கே வண்டியை இறக்காதீர்கள். சனவரி முதல் ஆமைகள் முட்டையிட வரும் மணல் அது. டயர் அழுத்திய இடத்தில் முட்டையும் குஞ்சும் தப்பாது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆண்டுக்குச் சில முறை தோட்டத்துக்கும் மலைக்கும் போகிறவருக்கு, நன்கு அமைந்த டிராக்‌ஷன் கன்ட்ரோல் போதும். நாள்தோறும் பாரத்தோடு சேற்றில் இறங்குகிறவர் பூட்டுள்ள வண்டியைத் தேடட்டும். லிமிடெட் ஸ்லிப் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

பின் ஆக்சிலில் லிமிடெட் ஸ்லிப் உள்ள பழைய வண்டியை வாங்கினேன். அடுக்ககத்தின் வண்டி நிறுத்தத்தில் மெதுவாகத் திருப்பும்போது பின்னால் ‘கடமுட’ என்று அதிர்கிறது. புதுப்பேட்டையில் பழைய ஆக்சில் ஒன்றை வாங்கி மாற்றிவிடலாமா?
— வாசகர், பெருங்களத்தூர்

முதலில் ஆயிலை மாற்றிப் பாருங்கள். கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப்புக்கு உராய்வைச் சீராக்கும் சேர்மானம் கலந்த கியர் ஆயில் வேண்டும். முன்பு வைத்திருந்தவர் சாதாரண ஆயிலை ஊற்றியிருந்தால், பிளேட்டுகள் வழுக்கிச் செல்லாமல் ஒட்டி விட்டு ஒட்டி அதிரும். வண்டியின் கையேட்டில் குறிப்பிட்டுள்ள ஆயிலையே கேட்டு வாங்குங்கள். அடுத்ததாக, பின்பக்க டயர்கள் இரண்டும் ஒரே அளவா, ஒரே அளவுக்குத் தேய்ந்தவையா என்று பாருங்கள். ஒன்று புதியது, மற்றது தேய்ந்தது என்றால், நேர்ச்சாலையிலும் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழன்று பிளேட்டுகளை ஓயாமல் தேய்க்கும். இவ்விரண்டையும் சரிசெய்த பிறகும் அதிர்வு நிற்காவிட்டால் பிளேட்டுகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்சிலையே மாற்றுவது அதற்கும் பின்னால் யோசிக்க வேண்டியது.

ஒரு எச்சரிக்கை. இந்த வண்டியில் ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி வைத்து, என்ஜினை ஓட்டிக் கியர் போட்டுப் பார்க்க எவரையும் விடாதீர்கள். தரையில் இருக்கும் மற்ற சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும்.

மழைக்காலத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் 4 ஹெச் போட்டு ஓட்டலாமா?
— வாசகர், குரோம்பேட்டை

முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில் வேண்டாம். திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் ஓடுகின்றன. டிரான்ஸ்ஃபர் கேஸ் பூட்டியிருந்தால் அந்த வேறுபாட்டுக்கு இடமின்றி ஷாஃப்டுகள் முறுக்கேறும், ஸ்டியரிங் கனக்கும், லீவரைத் திரும்ப எடுப்பதும் கடினமாகும். மேலும், நான்கு சக்கர இயக்கம் கிளம்புவதற்குத்தான் உதவும். ஈரச்சாலையில் வண்டி நிற்கும் தூரத்தை அது ஓர் அடிகூடக் குறைக்காது. அதற்கு நல்ல டயரும் குறைந்த வேகமும்தான் வேண்டும்.