நீச்சல் குளத்தை வேக்யூம் செய்யும்போது ஹோஸ் கொஞ்ச நேரத்தில் உறிஞ்சுவதை நிறுத்திவிடுகிறது. பம்ப் கெட்டுப்போய்விட்டதா?

கேள்வியில் நீங்கள் தந்திருக்கும் விவரம்: அபார்ட்மெண்ட் குளம், ஓரம் வழியாக நீர் வழியும் ஓவர்ஃப்ளோ வகை, சுவரில் வேக்யூம் பாயிண்ட் (ஹோஸைச் செருகும் உறிஞ்சு துளை) இருக்கிறது. ஹோஸை மாட்டியதும் நன்றாக இழுக்கிறது, சில நிமிடங்களில் வேகம் செத்துவிடுகிறது. சர்வீஸுக்கு வந்தவர் பம்பை மாற்றச் சொல்கிறார்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். எங்கள் குடியிருப்பின் குளத்தைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். இந்தப் புகாரில் பம்ப் குற்றவாளியாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் எங்கோ காற்று புகுந்திருக்கும், இல்லையென்றால் எங்கோ அடைத்திருக்கும். இரண்டில் எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அதைச் சொல்வது பம்பின் முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற மூடிதான். ஹோஸ் ஓடும்போதே பம்ப் அறைக்குப் போய் அதைப் பாருங்கள். உள்ளே குமிழிகள் ஓடிக்கொண்டிருந்தாலோ தண்ணீர் பாதிதான் நிற்கிறது என்றாலோ காற்று புகுகிறது. குமிழி இல்லாமல் நிறைந்திருந்தும் இழுப்பு இல்லையென்றால் அடைப்பு.

முதலில் அடைப்பு, அது சுலபம். உங்கள் அறிகுறிக்குப் பொருந்துவதும் இதுதான்: ஆரம்பத்தில் இழுத்து, அழுக்கு சேரச் சேர நிற்கிறது. பம்பை நிறுத்தி, அந்த மூடிக்குள் இருக்கும் பாஸ்கெட்டைக் கழுவுங்கள். இலையும் தலைமுடியும் சேர்ந்து கம்பளம் போல ஒட்டியிருக்கும். அடுத்து ஃபில்டரின் பிரஷர் மீட்டர். பேக்வாஷ் (நீரைத் தலைகீழாக ஓட்டி ஃபில்டரைக் கழுவுவது) செய்த கையோடு காட்டிய அளவைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறியிருந்தால், அதாவது கிலோ கணக்கு மீட்டரில் சுமார் 0.6 கூடியிருந்தால், ஃபில்டர் மணலில் அழுக்கு நிறைந்துவிட்டது, பேக்வாஷ் கொடுங்கள். அழுத்தம் ஏறாமல் இறங்கியிருந்தால் தடை பம்புக்கு முன்னால் இருக்கிறது: பாஸ்கெட், ஹோஸ், அல்லது தரையில் ஓட்டும் வேக்யூம் ஹெட்டின் கழுத்து. ஹோஸில் சிக்கிய இலையை, சுத்தமான நீர் குளத்துக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் துளையில் எதிர்முனையைப் பிடித்துப் பின்பக்கமாகத் தள்ளிவிடலாம்.

காற்றுதான் பொறுமையைச் சோதிக்கும். முதல் சந்தேகம் மாட்டும் விதத்தின் மேலேயே. ஹோஸுக்குள் இருக்கும் காற்று முழுவதும் வெளியேறிய பிறகுதான் அதை பாயிண்டில் செருக வேண்டும். ஹெட்டைக் குளத்தின் அடியில் இறக்கிவிட்டு, மறுமுனையை ரிட்டர்ன் துளைக்கு நேராகப் பிடியுங்கள். ஹெட் வழியாகக் குமிழி வருவது நின்றதும் முனையை உள்ளங்கையால் மூடி, நீருக்கு மேலே தூக்காமல் அப்படியே கொண்டுபோய்ச் செருகுங்கள். அவசரப்பட்டு இதைப் பாதியில் விடுகிறவர்கள்தான் பம்பைத் திட்டுகிறார்கள்.

இதற்குப் பிறகும் குமிழி வந்தால் ஹோஸில் ஓட்டை. இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஒருவர் பம்ப் மூடியைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் குளக்கரையில் நின்று, மிதக்கும் ஹோஸைப் பகுதி பகுதியாக நீருக்குள் அமுக்கட்டும். எந்தப் பகுதி மூழ்கும்போது குமிழி குறைகிறதோ அங்கேதான் ஓட்டை. பெரும்பாலும் இரு முனைகளிலும் இருக்கும் கஃப் (திருகி மாட்டும் முனைப்பகுதி) அருகில்தான் விரிசல் விடும், அங்கேதான் மடிப்பு விழுகிறது. அப்படியென்றால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு கஃப்பைத் திருகி மாட்டிக்கொள்ளலாம். நடுவில் ஓட்டை என்றால் டேப் அன்றைய வேலைக்கு மட்டும் உதவும், புது ஹோஸ் வாங்குவதே நல்லது. கழுத்து சுழலும் முனை ஹெட் பக்கம்தான் வர வேண்டும். மாற்றி மாட்டினால் ஹோஸ் முறுக்கிக்கொண்டு மடியும், இழுப்பு போய்விடும். வேலை முடிந்ததும் பெரிய வளையமாகச் சுற்றி நிழலில் வையுங்கள். நம் ஊர் வெயில் ஹோஸைச் சீக்கிரம் மொறமொறப்பாக்கிவிடும்.

ஹோஸைக் கழற்றிய பிறகும் குமிழி வருகிறதா? பம்ப் மூடியின் ஓ-ரிங்கையும் வால்வு ஜாயின்ட்களையும் பாருங்கள். ஓடும்போது ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் தண்ணீர் ஊற்றுங்கள், குமிழி ஒரு நொடி நின்றால் கசிவு அங்கே. ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடுங்கள், வாசலின் பல ரப்பர்களை ஊதவைத்துவிடும்.

உங்கள் வகைக் குளத்துக்கே உரிய காரணம் பேலன்சிங் டேங்க், அதாவது ஓரத்தில் வழியும் நீர் போய்ச் சேரும் தொட்டி. அதன் வால்வு திறந்திருந்தால் பம்ப் சுலபமான வழியில் அங்கிருந்தே தண்ணீரை எடுத்துக்கொள்ளும், ஹோஸ் சோர்ந்துவிடும். டேங்கில் நீர் குறைவாக இருந்தால் காற்றும் சேர்ந்து வரும். வேக்யூம் செய்யும் நேரத்தில் அந்த வால்வையும் மெயின் டிரெயின் (குளத்தின் அடியில் உள்ள வடிகால்) வால்வையும் மெதுவாக மூடிப் பாருங்கள். ஹெட் தரையோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு இழுப்பு கூடினால் மெயின் டிரெயினைச் சற்றுத் திறந்தால் போதும்.

எதைச் செய்தாலும், குளத்தில் ஆள் இருக்கும்போது செய்யாதீர்கள். அமெரிக்காவில் 2002-இல் 7 வயதுச் சிறுமி ஒருத்தி வெந்நீர்த் தொட்டியின் வடிகால் உறிஞ்சலில் சிக்கி இறந்தாள். குளத்து வடிகால் மூடிகளுக்கு 2007-இல் அங்கே சட்டம் வந்தது அந்தக் குழந்தையின் பெயரில்தான். ஆகவே முதலில் பம்பை நிறுத்துங்கள், பாயிண்டின் வால்வை மூடுங்கள், அப்புறம் ஹோஸை எடுங்கள். பாயிண்டின் ஸ்பிரிங் மூடி உடைந்திருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை மாற்றச் சொல்லுங்கள்.