நீரிழிவு உள்ளவருக்குச் சீனியைக் குறைத்துக் கேக் அடித்தால் போதுமா?

திருகோணமலையில் வீட்டில் பிறந்தநாள், வருசப்பிறப்பு என்று வந்தால் அம்மாவுக்காக, அம்மம்மாவுக்காகப் பலரும் கேட்கிற கேள்வி இது. போதாது. சீனி குறைந்த கேக் என்றால் சேர்க்கிற சீனி குறைவு, அவ்வளவுதான். மா அப்படியே இருக்கிறது. கோதுமை மாவில் பெரும்பகுதி மாப்பொருள், அது சமிபாட்டில் குளுக்கோஸாக உடைந்து இரத்தத்தில்தான் சேரும், ஆகவே சீனியே போடாத கேக்கும் இரத்தச் சீனியை ஏற்றும்.

நிலாவெளி பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். ஒரே தரிப்பில் எல்லாரும் வாசலில் நெருக்கினால் நடத்துநர் திணறுவார், தரிப்புக்கு இரண்டு பேராக ஏறினால் சமாளிப்பார். குளுக்கோஸ்தான் பயணிகள், அதை இரத்தத்திலிருந்து உடம்பின் கலங்களுக்குள் ஏற்றிவிடுகிற இன்சுலின்தான் அந்த நடத்துநர். நார்ச்சத்தும் புரதமும் குளுக்கோஸை மெதுவாக ஏறவிடும், அதனால் கோதுமை மாவில் ஒரு பங்கைக் குறைத்து அரைத்த கச்சானோ குரக்கன் மாவோ சேருங்கள். குரக்கனிலும் மாப்பொருள் உண்டு, துண்டு சிறிதாகவே இருக்கட்டும்.

சரி, சீனியை எவ்வளவு குறைக்கலாம்? சீனி இனிப்புக்கு மட்டுமில்லை, ஈரத்தைப் பிடித்து வைப்பதும் பட்டரோடு அடிக்கும்போது காற்றைச் சேர்ப்பதும் அதுதான். மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் பெரும்பாலும் கேக் கெடாது, அதற்கு மேல் போனால் காய்ந்துவிடும், கொஞ்சம் தயிர் சேர்த்தால் மிருதுவாக வரும். கறுவாவும் ஏலமும் போட்டால் இனிப்புக் குறைந்தது அவ்வளவாகத் தெரியாது. சாப்பிட்டு 2 மணித்தியாலம் கழித்து குளுக்கோமீட்டரில் பார்த்தால் அவருடைய உடம்புக்கு எந்த அளவு ஒத்துவருகிறது என்று விளங்கும்.

அப்புறம், கித்துள் கருப்பட்டியும் பனங்கட்டியும் இயற்கையானது, பயமில்லை என்று நினைக்காதீர்கள்: அவற்றிலும் பெரும்பங்கு சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான்.